தபால் வந்து சேர்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. சென்னை மாநகராட்சிக்குள் சோழிங்கநல்லூரில் இருந்த ஒரு நிறுவனம் வாடகை கட்டுப்படியாகாமல் மாநகராட்சி எல்லைக்கு வெளியே நாவலூருக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஊராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உங்கள் ஊழியர்களின் தொழில் வரி எங்கே என்று. இவர்கள் கட்டாமல் இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டு தவறாமல் சம்பளத்தில் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டியது சென்னை மாநகராட்சிக்கு. ஹெச்.ஆர். சாஃப்ட்வேரில் பணியிடம் என்ற இடத்தில் இன்னமும் 'சென்னை' என்றுதான் இருக்கிறது, அதனால் சம்பளம் கணக்கிடும் பேரோல் அது சொன்னபடி செய்திருக்கிறது.

சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்த வருஷம் இப்படி வந்தது இது நான்காவது. நான்கிலும் கேட்ட பதில் ஒன்றே: "சார், பழைய அட்ரஸை எடுத்துட்டு புது அட்ரஸ் போட்டுட்டோமே, லெட்டர் எல்லாம் கரெக்டா வருதே!"

இந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கடிதம் வந்து சேர்வதற்கும் பணியிடம் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முகவரி என்பது தபால்காரருக்கு. பணியிடம் என்பது சட்டத்துக்கு. எந்த உள்ளாட்சிக்குத் தொழில் வரி, எந்த மாநிலத்தின் தொழிலாளர் நல நிதி, எந்தக் குறைந்தபட்சக் கூலி, எந்த விடுமுறைப் பட்டியல் என்பதையெல்லாம் அந்த ஒரு பதிவுதான் முடிவு செய்கிறது. தெருப் பெயர் தவறாக இருந்தால் ஒரு கடிதம் திரும்பிப் போகும், அவ்வளவுதான். உள்ளாட்சி தவறாக இருந்தால் ஆயிரம் பேரின் பணம் தவறான வாசலில் போய் நிற்கும்.

பின்கோடு போட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை தன் வசதிக்காகக் கொண்டுவந்தது. எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். மாவட்டம், மாநகராட்சி, ஏன், மாநிலம்கூட அதற்குத் தெரியாது. நாவலூரின் பின்கோடு 600130. 600 என்று தொடங்குவதால் சென்னை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் ஓ.எம்.ஆர். சாலையில் மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடுகிறது, நாவலூர் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். முதல் மூன்று எண்ணும் ஒன்று, ஆனால் ஒன்று யூனியன் பிரதேசம், இன்னொன்று தமிழ்நாடு. அதே புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்கு 609602, மாஹேவுக்கு 673310, யானத்துக்கு 533464. முறையே தமிழ்நாடு, கேரளம், ஆந்திரத்து எண் வரிசைகளுக்குள் இவை விழுகின்றன. பின்கோட்டின் முதல் எண்களை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் வசதியை ஒரு மென்பொருள் பெருமையாகக் காட்டினால், விற்க வந்தவரிடம் முதலில் மாஹேவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, மாநிலத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டோம், போதாதா? மகாராஷ்டிரத்தில் கிட்டத்தட்டப் போதும். அங்கே தொழில் வரியை மாநில அரசே வாங்குகிறது. மேல் சம்பள அடுக்கில் மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. தமிழ்நாட்டில் வாங்குவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. அடுக்குகளும் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2024-இல் திருத்தியபோது அரையாண்டு வருமானம் 30,001 முதல் 45,000 வரை உள்ளவர்களுக்கு 315 ரூபாயாக இருந்தது 425 ஆனது. மேல் அடுக்கு 1,250 மாறவில்லை, ஏறவும் முடியாது, ஏனென்றால் அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டிவைத்திருக்கிறது. நாவலூர் விஷயம் இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணமும் இதுதான். ஐ.டி. ஊழியர்கள் ஏறக்குறைய எல்லோருமே மேல் அடுக்கு. பிடித்த தொகை சரி, சம்பளச் சீட்டு சரி, போய்ச் சேர்ந்த இடம் மட்டும் தவறு.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். அலுவலகம் மாறினால் பழைய பணியிடப் பதிவைத் திறந்து அதன் மேலேயே புதிய முகவரியை அடிக்காதீர்கள். தயவுசெய்து! அப்படிச் செய்த நிமிடத்திலிருந்து, 2019-இல் வேலை பார்த்துவிட்டுப் போனவரும் நாவலூரில் வேலை பார்த்ததாக ரிப்போர்ட் வரும். பழைய பதிவுக்கு முடிவுத் தேதி போடுங்கள். புதிதாக ஒரு பணியிடம் உருவாக்குங்கள். ஊழியர்களை எந்தத் தேதியிலிருந்து மாற்றுகிறீர்களோ அந்தத் தேதியோடு மாற்றுங்கள். அரை மணி நேர வேலை இது. பணியிடக் குறியீட்டில் கட்டடத்தின் பெயரையோ தளத்தின் எண்ணையோ சேர்க்காதீர்கள், நாளைக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போனால் அதையும் மாற்றத் தோன்றும்.

மாவட்டப் பெயர்களும் இப்படித்தான். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை என்று ஆறு புது மாவட்டங்கள் வந்து மொத்தம் 38 ஆகிவிட்டது. ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் 13 மாவட்டம் 26 ஆனது. இன்னமும் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டப் பட்டியலோடு ஓடும் சாஃப்ட்வேர்களை நான் பார்க்கிறேன். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் அது வேறு தொல்லை. திருச்சி, திருச்சிராப்பள்ளி, ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு, ஒரே ஊருக்கு எட்டு பதிவு. 2020 ஜூனில் தமிழக அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாளில் திரும்பப் பெற்றது. அதனால் பெயரை நம்பாதீர்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் தனி எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இலவசம், பதிவிறக்கலாம். அந்த எண்ணையும் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊழியரின் வீட்டு முகவரிக்கு வருகிறேன். எக்செல்லில் மொத்தமாக ஏற்றும்போது கதவு எண் இருக்கும் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 5/12 என்ற கதவு எண் தேதியாக மாறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அதைக் கண்டுபிடித்துத் திருத்துவது பெரும்பாடு. புதிய எண், பழைய எண் இரண்டும் எழுத இடம் விடுங்கள், நம் ஊரில் இரண்டும் வேண்டும். வீட்டு வாடகைப் படிக்கான வரிக் கழிவுக்குப் பார்க்கப்படுவதும் அலுவலகம் இருக்கும் ஊர் அல்ல, வாடகை வீடு இருக்கும் ஊர். அதனால் 'பணியிடத்திலிருந்து எடுத்துக்கொள்' என்று அமைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அப்புறம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நடந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டிலுமே தொழிற்சாலை முகவரியை ஒட்டிவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால் சாஃப்ட்வேர் அடுத்த பக்கம் போக விடவில்லையாம். அதில் ஒருவர் ஒடிசாக்காரர். இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் மருத்துவக் காப்பீட்டின் பதிவில் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஊழியரோடு வசிக்கிறாரா, இல்லையென்றால் எந்த ஊர், எந்த மாநிலம் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். இவருக்கு எல்லோரும் ஓசூரில் இருப்பதாகப் போய்விட்டது. அவர் மனைவி ஊரில் உடம்பு சரியில்லாமல் மருத்துவமனைக்குப் போனபோது, பதிவைத் திருத்த இவர் இங்கே இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைந்தார். அந்தக் காப்பீட்டுக்காக மாதாமாதம் 0.75 சதவீதம் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

ஹெச்.ஆர். தம்பி தங்கைகளே, காலிக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பாதீர்கள். தெரியாவிட்டால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துக் கேளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லோரிடமும் "வீடு மாறினீர்களா?" என்று கேட்டுத் திருத்துங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண்ணை வண்டி கொண்டுபோய் இறக்கிவிடுவது அந்தப் பதிவில் இருக்கும் தெருவில்தான்.

நாவலூர் நிறுவனத்துக்கு இப்போது பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்த இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். எந்த அரையாண்டில் யார் எந்தக் கட்டடத்தில் இருந்தார்கள் என்பது சாஃப்ட்வேரில் இல்லை, அதன் மேல்தான் புது முகவரியை அடித்துவிட்டார்களே. வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கையால் எழுதி வைத்திருந்த வருகைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.