பங்களா மாளிகை ஆன கதை

போன வாரம் கையில் கிடைத்த ஒரு சுற்றுலாத் துண்டறிக்கையில், எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோரும் பங்களா என்று சொல்லும் பழைய ஓட்டு வீடு ஒன்றை ‘காலனியப் பாரம்பரிய மாளிகை’ என்று போட்டிருந்தார்கள். ஒற்றைத் தளம், முன்பக்கம் நீள வராந்தா, மழை பெய்தால் ஒழுகும் ஓடு. பாட்டாவிடம் வாசித்துக் காட்டினேன். “மாளிகைன்னா மாடி எங்க மக்கா?” என்றார்.

பங்களா என்றால் வங்காளத்து வீடு, அவ்வளவுதான். இந்துஸ்தானி ‘பங்க்லா’ ஆங்கிலேயர் வாய்க்குப் போனது 17ஆம் நூற்றாண்டில். கூரை தாழ்ந்த, வராந்தா வைத்த, மாடியில்லாத வீடு.

மாளிகையோ அடுக்கு வைத்தது. குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்ல அகராதி வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையில் நான்கு அடுக்காக நிற்பதற்குத்தான் உப்பரிகை மாளிகை என்று பெயர். நடுமுற்றத்தைச் சுற்றி நாலுகட்டாக அமைந்த பழைய பகுதி தாய்க்கொட்டாரம்; கொட்டாரம் என்றால் அரண்மனை. ஒரே மதிலுக்குள் எதை மாளிகை என்பது, எதைக் கொட்டாரம் என்பது என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தை வளர்த்ததில் அரசுத் தமிழுக்கும் பங்குண்டு. டிராவலர்ஸ் பங்களா ‘பயணியர் மாளிகை’ ஆனது. இன்ஸ்பெக்‌ஷன் பங்களா ‘ஆய்வு மாளிகை’யாம். இரண்டு அறை, ஒரு வாட்ச்மேன், சத்தம் போடும் ஃபேன். இதில் மாளிகை எங்கே? தங்கிப் போகிற இடத்துக்கு விடுதி என்ற நல்ல சொல் சும்மாதானே கிடக்கிறது? சினிமாவில் பணக்காரர் வீடெல்லாம் பங்களா ஆனபிறகு, மொழிபெயர்ப்பவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் படிக்கட்டும் சரவிளக்கும்தான் கண்ணில் தெரிகின்றன போல. எதிரில் நிற்கும் கட்டடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் என்ன?

தனித்தமிழ் அன்பர்கள் பங்களாவை ‘வளமனை’ என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வளம் என்பது குடியிருப்பவரைப் பற்றியது, வீட்டைப் பற்றியது அல்ல. குடியிருப்பவர் மாறிக்கொண்டேதான் இருப்பார். 1818இல் வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மீடுக்கு நாகர்கோவிலில் தங்கத் திருவிதாங்கூர் ராணி கொடுத்ததும் பங்களாதான். துரை இருந்த வீட்டில் பாதிரியார் வருவார், அப்புறம் ஆபீஸ் வரும், பள்ளிக்கூடம் வரும், கடைசியில் பாரம்பரியப் பட்டியலில் ஏறி டிக்கெட் கிழிப்பார்கள். ஊர்வாயில் அது பங்களாவாகவே இருக்கும். அந்தப் பெயர் வீட்டின் வடிவத்துக்கு வைத்தது.

தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் ‘தாழ்வார வீடு’ என்று எழுதலாம். வராந்தாவும் அதில் அடங்கிவிடும். இல்லையா, சரி, பங்களா என்றே அச்சடிக்கட்டும். பாட்டாவுக்கும் புரியும்.