வலிக்காத புண், தானாக ஆறிய புண்

இந்த மாதம் மறுபடியும் ஒரு இளைஞர். இருபதுகளின் தொடக்கம், கோலாலம்பூர் செந்தூலில் நண்பர்களோடு வாடகைக்கு இருக்கிறார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புத் திட்டுகள், அரிப்பு இல்லை. ஒவ்வாமை என்று நினைத்து மருந்தகத்தில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறார். கேட்டுக்கேட்டுத்தான் வெளியே வந்தது, இரண்டு மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் ஒரு புண் இருந்ததாம். "அதான் ஆறிடுச்சே டாக்டர்." இரத்தத்தைச் சோதித்தால் சிபிலிஸ், உடலுறவில் தொற்றும் நோய்.

ஆறியது புண் மட்டும்தான். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, தொற்றி மூன்று வாரம் போல ஆனதும் வரும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும், மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். நீங்கள் பூசிய களிம்பும் அதை ஆற்றவில்லை, குடித்த கஷாயமும் ஆற்றவில்லை. அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. அடுத்து இந்தத் திட்டுகள், அதுவும் தானாக மறையும், திரும்பவும் 'சரியாகிவிட்டது' என்பீர்கள், பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு மூளையையோ இதயத்தையோ தாக்கலாம், கண்ணும் காதும் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம். பெண்களுக்குப் புண் உள்ளே இருந்தால் கண்ணிலேயே படாது. வாயிலும் ஆசனவாயிலும்கூட வரும். "நாங்க முழுசா ஒன்னும் செய்யலையே" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வாய்வழி உறவிலும் இது தொற்றும்.

அறைத் தோழரிடம் மிச்சமிருந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. ஆரம்பக் கட்ட சிபிலிசுக்கு ஒரே ஒரு பென்சிலின் ஊசி பெரும்பாலும் போதும். உடலுறவில் தொற்றும் இன்னொரு நோயான கொனோரியாவுக்கோ பழைய மாத்திரைகள் பல இப்போது வேலை செய்வதே இல்லை.

ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்பது புரிகிறது. கம்பெனி பணம் கட்டும் பேனல் கிளினிக்கிற்குப் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ, அப்புறம் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். சிபிலிஸ், கொனோரியா, எச்.ஐ.வி மூன்றையும் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி நாங்கள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், உண்மைதான். அது நோய்ப் பரவலைக் கட்டுப்படுத்த. உங்கள் வீட்டுக்கோ முதலாளிக்கோ அனுப்புவதற்கல்ல. பேனல் அட்டையை நீட்டத் தயக்கமா, சொந்தக் காசு கொடுங்கள். காசு இல்லையா, அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் இருக்கிறது, குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான்.

ஆணுறையை ஆரம்பத்திலிருந்தே போடுங்கள், பாதியில் அல்ல. அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம், அதனால் புதிய துணை என்றால் இருவருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறவு கொண்ட மறுநாளே சோதித்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியாகிவிட வேண்டாம், மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி பயம் இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது, தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசர கருத்தடை மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், எந்தத் தொற்றையும் தடுக்காது.

ஊசி போட்டுக்கொண்டு போனவர்களில் சிலர் அதே நோயோடு திரும்பி வருகிறார்கள், துணைக்குச் சொல்லாததால். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது, கர்ப்பிணிகளைத் தவறாமல் சோதித்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். ஆனால் உங்கள் துணை கர்ப்பமாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள் தம்பி. வாய் வரவில்லை என்றால் அழைத்து வாருங்கள், நான் சொல்கிறேன்.