வயிற்றில் முடி இருந்தால் ஸ்கேனில் தெரியுமா?

சாப்பாட்டில் முடியைக் கலந்து கொடுத்து 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்கிறார்களே, அது ஸ்கேனில் தெரியுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சோற்றோடு போகும் ஒன்றிரண்டு முடி மலத்தோடு வெளியேறிவிடும். ஸ்கேனில் தெரிவது முடிப்பந்து. தன் தலைமுடியைத் தானே பிடுங்கி, மாதக்கணக்கில் விழுங்கியவர்களின் வயிற்றில் அது சேர்கிறது. பெரும்பாலும் சிறுமிகளும் இளம்பெண்களும்தான்.

முடியிலுள்ள கெரட்டின் புரதம் செரிக்காது. இரைப்பையின் மடிப்புகளில் சிக்கி, உணவோடும் சளியோடும் பின்னிக்கொண்டு, கடைசியில் இரைப்பையின் வடிவத்தையே எடுத்துவிடும்.

மேல்வயிற்றில் கட்டி போலத் தட்டுப்பட்டால் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். அதில் கதிர்வீச்சு இல்லை; ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் போடும். உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டர்தான். அடர்த்தியும் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுவதால், காற்றைத் தொட்ட இடத்திலேயே ஏறக்குறைய மொத்த ஒலியும் திரும்பிவிடும். முடிகளுக்கிடையே நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. அதனால் திரையில் பந்தின் முன்விளிம்பு மட்டும் வெள்ளை வில்லாகத் தெரியும். அதன் பின்னால் ஒரே இருட்டு. வயிற்றிலுள்ள வாயுவும் நிழல் போடும் என்பதால் சந்தேகம் தீராது.

சி.டி. ஸ்கேனில் எனக்குப் பிடித்த அழகே இங்கேதான் இருக்கிறது. எக்ஸ் கதிருக்குக் காற்று ஒரு தடையே இல்லை. பல கோணங்களிலிருந்து பாய்ச்சி, உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி ஓர் எண் போடுகிறது: தண்ணீருக்கு 0, கொழுப்புக்குச் சுமார் −100, காற்றுக்கு −1000. எண் குறையக் குறையப் படத்தில் கறுப்பாகும். முடிப்பந்துக்குள் அந்தக் காற்று கரும்பொட்டுகளாகச் சிதறித் தெரியும். அல்ட்ராசவுண்டை மறித்த அதே காற்று இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது! படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்காகக் குடிக்கக் கொடுத்த கான்ட்ராஸ்ட் திரவம் பந்தைச் சுற்றி ஓடுவதால், அது இரைப்பைச் சுவரில் ஒட்டவில்லை என்பதும் புரியும். நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் உள்ளே போகாது. முடிக்கு ஏது ரத்தக்குழாய்? சதைக்கட்டி என்றால் கான்ட்ராஸ்ட் ஏறி வெளுத்துத் தெரியும்.

சிலருக்குப் பந்தின் வால் சிறுகுடல்வரை நீளும். 1968இல் இதற்கு, நீளக் கூந்தல் கொண்ட தேவதைக் கதைப் பெண்ணின் பெயரால், ராபுன்சல் நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். வால் எதுவரை என்பது அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

குழாய் வைத்து உறிஞ்சி 'மருந்து எடுத்து'க் காட்டுகிறவர்கள் செய்வது மோசடி. அங்கே அலையும் நாட்களில் இரைப்பையில் புண் வந்து ஓட்டை விழலாம், குடல் அடைக்கலாம். பெரிய பந்தை அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அதோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துப்போக வேண்டும். முடியைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் நிற்காவிட்டால் பந்து மறுபடி சேரும்.