கடைக்கு ஜிஎஸ்டி தணிக்கை நோட்டீஸ் வந்தால்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவரோ, மண்ணடியில் இரும்பு விற்பவரோ, தணிக்கை நோட்டீஸைத் தபாலில் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் ஜிஎஸ்டி இணையதளக் கணக்கிலும், பதிவில் உள்ள மின்னஞ்சலிலும்தான் அது வரும். பல கடைகளில் அந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கணக்கெழுதுபவருடையவை. அவர் ஊருக்குப் போயிருந்தால் முதலாளிக்கு விஷயமே தெரியாது. இன்றைக்கே பதிவு விவரத்தில் உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

தணிக்கையும் சோதனையும் ஒன்றல்ல. சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி சோதனைக்கு வருபவர்கள் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தணிக்கை 65-ஆவது பிரிவில் வருகிறது. ஏடிடி-01 படிவத்தில் குறைந்தது 15 வேலை நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும். உங்கள் கடையிலும் நடக்கலாம், அதிகாரியின் அலுவலகத்திலும் நடக்கலாம்.

மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆணையர் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். இந்தக் கெடு எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கேட்ட ஆவணங்களை நீங்கள் கொடுத்த நாள், கடையில் தணிக்கை தொடங்கிய நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்துதான். ஆவணத்தைத் தராமல் நாளைக் கடத்தினால் கெடுவும் ஓடாது. கேட்டதைக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையில் கடைகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பது அவசியம். விற்றவர்கள் பதிந்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் தெரிகிறதே என்று சொன்னால் போதாது. அதிகாரி பில்லையே கேட்பார்.

சின்னக் கடைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விற்பனைக் கணக்கில் அல்ல, வாங்குபவரே கட்ட வேண்டிய வரியில். கணக்காளர்கள் இதை ஆர்சிஎம் என்பார்கள். லாரி கம்பெனி சரக்கு ரசீது போட்டு, தானே வரி வசூலிக்காமல் விட்டிருந்தால், லாரி வாடகையில் 5 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். மீன்பாடி வண்டிக்காரருக்குக் கொடுத்த கூலிக்கு இது கிடையாது. 2024 அக்டோபர் 10 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஜிஎஸ்டி பதிவில்லாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருந்தால் 18 சதவீத வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும். தொகுப்பு வரித் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறை) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு உண்டு. அதே அக்டோபர் தேதியிலிருந்து, பதிவில்லாதவரிடம் பழைய இரும்பு வாங்கும் பதிவு பெற்ற காயலான் கடைக்கும் இந்த முறைதான். கட்டிய வரியைத் தகுதி இருந்தால் உள்ளீட்டு வரவாக எடுத்து, விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தாமதத்துக்குக் கட்டும் வட்டி திரும்பி வராதே!

முரண்பாடு தெரிந்தால் அதிகாரி உங்களிடம் சொல்வார்; எழுத்தில் பதில் கொடுங்கள். டீ குடித்தபடி வாய்மொழியாகச் சொன்ன விளக்கம் கோப்பில் ஏறாது. தணிக்கை முடிந்த 30 நாட்களுக்குள் ஏடிடி-02 படிவத்தில் முடிவுகளைத் தெரிவிப்பார்கள். அது வரி கேட்பு ஆணை அல்ல. வரி கேட்க வேண்டுமானால் தனியாக விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வர வேண்டும்.

தவறு உங்கள் பக்கம் என்றால் அந்த நோட்டீஸுக்கு முன்பே டிஆர்சி-03 என்ற படிவம் வழியாக வரியையும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் கட்டிவிடலாம். மோசடி இல்லாதபோது பொதுவாக அபராதம் இருக்காது. மோசடி என்றால் வரியில் 15 சதவீதம் அபராதம். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு 74ஏ பிரிவின்படி, நோட்டீஸ் வந்த பின்னும் 60 நாட்களுக்குள் கட்டினால் மோசடியற்ற வழக்கில் அபராதம் இல்லை. தவறில்லை என்று நம்பினால் நேரில் விசாரணை கேளுங்கள். ஆணை பாதகமாக வந்தால், தகராறுள்ள வரியில் 10 சதவீதம் கட்டி மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.