போர்க்களத்தில் கமரா பிடிப்பவர்கள் கவனத்துக்கு

போர்க்காலத்தில் மட்டக்களப்பில் செய்தி ஒளிப்பதிவு செய்தவன், இன்று இளம் ஒளிப்பதிவாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வழங்குபவன் என்ற வகையில் நான் முதலில் வலியுறுத்துவது, களத்துக்குத் தனியாகப் போகாதீர்கள் என்பதையே. எழுதும் செய்தியாளர் சம்பவம் முடிந்த பின்னரும் விசாரித்து எழுதலாம். காட்சி எடுப்பவரோ அது நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்திலேயே நின்றாக வேண்டும். அப்போது அவருடைய ஒரு கண், கமராவில் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரின் இறப்பர் வளையத்துக்குள் புதைந்திருக்கும். மறுகண் பெரும்பாலும் மூடியிருக்கும். பக்கவாட்டில் வரும் வாகனமோ, பின்னால் சனம் ஓடத் தொடங்கியதோ அவருக்குத் தெரியாது. அகலக்கோண லென்ஸ் கிட்ட இருப்பதையும் எட்ட இருப்பதாகக் காட்டுவதால், இன்னும் நாலடி முன்னே போகலாம் என்றே மனம் சொல்லும். சட்டையைப் பிடித்து இழுப்பதற்கு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தோளில் ஏற்றிய கமரா தூரத்திலிருந்து ஆயுதம் போலத் தோன்றக்கூடும். 2003 ஆகஸ்ட் 17 அன்று ஈராக்கின் அபு கிரைப் சிறைச்சாலைக்கு வெளியே ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவன ஒளிப்பதிவாளர் மாசென் டானாவைப் பட்டப்பகலில் சுட்டுக்கொன்ற அமெரிக்கப் படையினர், அவருடைய கமராவை ரொக்கெட் லோஞ்சர் என்று நினைத்ததாகக் கூறினர். 2008 ஏப்ரல் 16 அன்று காஸாவில் கொல்லப்பட்ட அதே நிறுவனத்தின் ஃபாதல் ஷனா, ஊடகவியலாளர் என்று அடையாளமிட்ட அங்கியை அணிந்திருந்தார். தம்மைக் கொன்ற செல்லை (எறிகணையை) டாங்கி ஏவுவதையே அவருடைய கமரா கடைசியாகப் பதிந்திருந்தது. ஊடகவியலாளர்கள் பொதுமக்களாகவே கருதப்பட வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு மேலதிக நெறிமுறை கூறுகிறது என்பதை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன், ஆனால் அதை நம்பி எவரையும் முன்னே போகச் சொல்லமாட்டேன். களத்தை விட்டு வந்தாலும் ஆபத்து விடுவதில்லை; எங்கள் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று இதே நகரில் வேலைக்குப் போகும் வழியில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பதிவாகும்போது எரியும் சிறிய சிவப்பு விளக்கை இரவில் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டி மறைத்துவிடுங்கள். தகடு இல்லாத மென்கவச அங்கி செல் சிதறல்களை ஓரளவு தடுக்கும், ரைஃபிள் ரவையைத் தடுக்காது. கை, காலில் இரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம் என்பதால், இரத்தப்போக்கைத் தடுக்கும் இறுக்குப்பட்டியை ஒரு கையால் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருங்கள். மூட்டைத் தவிர்த்து, காயத்துக்கு நாலு விரல் மேலே கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள்.

காட்சிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் பிராந்தியச் செய்தியாளர்களுக்குத் தலைக்கவசமும் இல்லை, காப்புறுதியும் இல்லை என்ற நிலையை நான் நெடுங்காலம் கண்டிருக்கிறேன். காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, வீட்டாருக்கு யார் பொறுப்பு என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தர மறுத்தால் அந்த வேலைக்குப் புறப்படாதீர்கள்.