வால்வு ஆபரேஷன் முடிந்த பிள்ளை: சேலத்தில் சிறுநீரகச் சோதனைக்கு எந்தத் திட்டம்?

சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சிறுநீர்த் தாரையில் மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். டாக்டர்கள் இதை பி.யூ.வி. (Posterior Urethral Valves), சுருக்கமாக வால்வு என்பார்கள். பிறந்த கையோடு குழாய்க் கருவியை உள்ளே விட்டு அதை நீக்கிவிடலாம். அடைப்பு போய்விடும், ஆனால் தாய் வயிற்றுக்குள் இருந்தபோதே அழுத்தம் தாங்கிய சிறுநீரகம் புதிதாகிவிடாது. சில பிள்ளைகளுக்குப் பாதிப்பு வெளியே தெரிவதே பதின்வயதில், உடம்பு மளமளவென்று வளரும்போதுதான். ஆபரேஷன் ஆயிற்று, இனி என்ன என்று ஃபைலைப் பரணில் போடுவது இங்கேதான் ஆபத்து.

முதல் ஒரு வயது வரை ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். போக்குவரத்தும் அதில் அடக்கம். ஏற்காட்டிலிருந்து கைக்குழந்தையோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். அந்த முதல் வருடத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் இருக்கும் அளவு) எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் டாக்டர் பிற்காலத்தைக் கணிப்பார். அந்த ரிப்போர்ட்டுகளில் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

அப்புறம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயரை முதலில் சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் அலைய வைப்பது இதுதான். விவரத்துக்கு 1800 425 3993.

பலர் குழம்புவது ஒன்று உண்டு. காப்பீட்டு அட்டை முக்கியமாக அட்மிஷனுக்கும் ஆபரேஷனுக்கும். வழக்கமான ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இதற்கெல்லாம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளி பிரிவே போதும். அட்டை இல்லை என்பதற்காக யாரும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம்) என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். இத்தனை பேருக்கு நடுவில் பழைய ஆபரேஷனை அவர்கள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். வகுப்பாசிரியரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கொடுத்து வையுங்கள். மேல் சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டும் அந்த மருத்துவக் குழு வழியாகவே கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், உயரம், எடை. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை டாக்டர் சொல்வார். ரத்த அழுத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். குழந்தைக்கான சிறிய பட்டையால் பார்க்கச் சொல்லுங்கள், பெரியவர்களின் பட்டை தப்பான அளவு காட்டும். சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தால் அன்றே சிறுநீரைப் பரிசோதியுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்து வேண்டவே வேண்டாம். ஐந்தாறு வயதுக்குப் பிறகும் பகலில் டவுசர் நனைந்தாலோ, தண்ணீர் தாகம் அதிகமாக இருந்தாலோ திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. 18 வயதோடு நின்றுவிடும். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே, பெரியவர்களுக்கான சிறுநீரகப் பிரிவுக்கு மாற்றிவிடும்படி குழந்தை டாக்டரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள்.