முகவரி எழுதாத இசை வட்டு

பழைய கணினியிலிருந்து கழற்றிய சிடி டிரைவ் ஒன்றைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோப்புகள் உள்ள வட்டை அது பிழையில்லாமல் படிக்கிறதாம். இசை வட்டைப் போட்டு லினக்ஸில் நகலெடுத்தால் மட்டும் இடையிடையே ‘டிக்’ என்ற சத்தம். இரண்டு முறை எடுத்தால் இரண்டு கோப்புகளும் ஒத்துப்போவதில்லை. டிரைவ் பழுதா, மென்பொருள் சரியில்லையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. வட்டின் அமைப்பே அப்படி.

780 நானோமீட்டர் லேசர், சுருள் தடம், நுண்ணிய குழிகள் ஆகியவை பள்ளியிலேயே படித்தவைதான். கவனிக்க வேண்டியது செக்டர், அதாவது வட்டில் உள்ளதைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு. ஒரு நொடிக்கு 75 செக்டர்கள், ஒவ்வொன்றிலும் 2352 பைட்கள். தரவு வட்டில் இந்த 2352க்குள்ளேயே தொடக்கக் குறியும் செக்டரின் முகவரியும் இருக்கின்றன. கோப்புக்குக் கிடைப்பது 2048 பைட்கள்தான். இசை வட்டில் 2352 பைட்களும் இசையே. முகவரி எழுத அங்கே இடமில்லை. அது ‘கியூ’ என்ற துணைத்தடத்தில், அதாவது இசையோடு சேர்ந்து ஓடும் சிறிய தகவல் வரிசையில், தனியாக வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வட்டில் இசை வரிசையாக எழுதப்படுவதில்லை. 24 பைட்கள், அதாவது இடம் வலம் சேர்ந்த 6 ஒலி மாதிரிகள் (ஒவ்வொன்றும் ஒரு கணத்தின் ஒலி அளவீடு), ஒரு சட்டகம். ஒரு சட்டகத்தின் பைட்களை நூற்றுக்கும் மேற்பட்ட சட்டகங்களுக்குள் வேண்டுமென்றே சிதறடித்துப் பதிக்கிறார்கள். கீறல் விழுந்தால் ஒரே இடம் மொத்தமாக அழியாமல் பல இடங்களில் சிறிது சிறிதாகத்தான் போகும். அதை ரீட்–சாலமன் பிழைதிருத்தக் குறியீடு மீட்டுவிடும். ஆனால் சிதறியவை எல்லாம் வந்து சேரும்வரை டிரைவின் சிப் காத்திருக்க வேண்டும். துணைத்தடத்துக்கு இந்தச் சிதறலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. முகவரி முன்னால் வந்துவிடுகிறது, இசை பின்னால் வருகிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு சிப்பும் தன் போக்கில் கணக்கிடுகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. நகலெடுப்பவருக்குத்தான் தலைவலி.

பழைய டிரைவ் படிப்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலேயே துல்லியமாக வந்து நிற்பதில்லை. சில மாதிரிகள் விடுபடும், அல்லது இரண்டு முறை வரும். ‘டிக்’ சத்தம் அங்கே பிறக்கிறது. கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி எழுதிய திறந்த மூல மென்பொருளான சிடி பரனோயா, முகவரியை நம்புவதே இல்லை. ஒவ்வொரு முறையும் முன்பு படித்த பகுதியின் மேல் சற்று ஏறியே படிக்கிறது. இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலித்துணுக்கைத் தேடி, கிழிந்த தாளை எழுத்துப் பார்த்து ஒட்டுவதுபோல் ஒட்டுகிறது. முகவரி பொய் சொன்னாலும் ஒலி அலை பொய் சொல்லாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மறுபடி படி என்றால் சில டிரைவ்கள் வட்டைத் தொடாமல், தம் இடைநினைவகத்தில் இருப்பதையே எடுத்து நீட்டும். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகத்தானே செய்யும்! அதனால் வேறு பகுதிகளைப் படிக்கச் செய்து அந்த நினைவகத்தை வெளியேற்றிய பிறகே மென்பொருள் சரிபார்க்கிறது. உங்கள் டிரைவ் இந்த வகையா என்பதை சிடி பரனோயாவிலேயே சோதிக்கலாம். அதற்கான தெரிவு பெரிய எழுத்து ‘ஏ’ (-A).

இவ்வளவும் சரியான பிறகும் இரண்டு டிரைவ்களின் கோப்புகள் வேறுபடலாம். இசையைச் சற்று முன்னோ பின்னோ தள்ளித் தரும், மாறாத ஒரு விலகல் ஒவ்வொரு மாடலுக்கும் இருக்கிறது: +6, +30, +102, +667 மாதிரிகள் என்று. முதல் மூன்றும் 6இன் மடங்குகள் என்பதைக் கவனியுங்கள். முழுச் சட்டகங்களின் கணக்கு. விப்பர் என்ற நகலெடுக்கும் மென்பொருள், பலர் எடுத்த நகல்களின் சரிபார்ப்பு எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் அக்யுரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்துத் தரும். அந்தத் தளத்தில் பதிவான பிரபலமான வட்டு ஒன்று கையில் இருந்தால் போதும்.

வட்டின் விளிம்பில் பச்சை மை தடவினால் இசை மெருகேறும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள், இன்றும் சிலர் நம்புகிறார்கள். மைக்குக் கொடுக்கும் பணத்தை இந்த மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவர்களுக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

மிகப் பழைய டிரைவ்களில் இன்னொன்று: பொதுக் கட்டளைத் தொகுப்பு வருவதற்கு முன் தயாரிப்பாளர்கள் இசையைப் படிக்க ஆளுக்கொரு கட்டளை வைத்திருந்தார்கள். யுஎஸ்பி மாற்றி வழியாகச் சிக்கல் வந்தால், முடிந்தவரை நேரடியாக இணைத்துப் பாருங்கள். விலகல் நேர்மறையாக இருந்தால் கடைசிப் பாட்டின் முடிவில் வட்டின் இறுதிப் பகுதிக்குள் சற்று நுழைந்து படிக்க வேண்டும். பல பழைய டிரைவ்கள் மறுத்துவிடும். அப்போது மென்பொருள் அந்த இடத்தை மௌனத்தால் நிரப்பும். 667 மாதிரிகள் என்றாலும் அது சுமார் 15 மில்லிநொடிதான். பெரும்பாலான வட்டுகளில் அங்கே இருப்பதும் மௌனமே.